சாவா மூவாப் பேராடு

(காரைக்குடியில் ஆற்றிய அறக்கட்டளைப் பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று மாலை நாம் இங்கே கூடியிருப்பதற்குக் காரணம், பல ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு குடும்பம் வங்கியில் போட்டுவைத்த ஒரு தொகை. அதன் வட்டியில்தான் அழைப்பிதழ் அச்சானது, ஒலிபெருக்கி வந்தது, நான் பேருந்தேறி வந்தேன். அந்தத் தொகையைப் போட்டவரை நான் பார்த்ததில்லை. ஆனாலும் அவர் கொடுத்த காசில் இங்கே நின்று பேசுகிறேன் என்ற நினைவு, பேச்சில் ஒரு பொறுப்பை ஏற்றிவிடுகிறது. தமிழ் இலக்கியம், கலை, அறிவியல் மூன்றையும் தனியார் கொடை எப்படித் தாங்கியது, எங்கே தாங்காமல் விட்டது என்று பேச வேண்டும் என்றார்கள். ஒப்புக்கொண்டவுடன் என் நினைவுக்கு வந்தவை சோழர் காலத்து ஆடுகள்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் நந்தா விளக்குக்கு ஆடு கொடுத்த செய்திகள் வரிசையாக இருக்கின்றன. ஒரு விளக்கு இரவும் பகலும் அணையாமல் எரிய நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் வேண்டும். அந்த நெய்க்கு 96 ஆடுகள். ஆடுகளை மன்றாடி எனப்படும் இடையர் ஒருவர் ஏற்றுக்கொள்வார். நாள்தோறும் உழக்கு நெய் அளப்பது அவர் கடமை. மந்தையின் மற்றப் பயன் அவர் குடும்பத்துக்கு. பல ஊர்க் கல்வெட்டுகள் இந்த ஆடுகளைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று குறிக்கின்றன. சாகாத, மூப்படையாத ஆடுகள். ஓர் ஆடு செத்தால் அதன் இடத்தில் குட்டி நிற்கும். எண்ணிக்கை என்றும் குறையக் கூடாது. கொடை கொடுத்தவர் போய்விடுவார், வாங்கிய மன்றாடியும் போய்விடுவார், மந்தை மட்டும் அப்படியே இருக்கும்.

இதில் மூன்று நுட்பங்கள் இருக்கின்றன. கொடை ஒரு நாளைய விழாவுக்கு அல்ல, அன்றாட வேலைக்கு. முதல் தானாகப் பெருகிக்கொள்ளும் தன்மையுடையது. மூன்றாவதுதான் எனக்கு மிகவும் முக்கியமாகத் தோன்றுகிறது: வேலையைச் செய்கிற மனிதரின் பிழைப்பு அந்தக் கொடைக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. மன்றாடி பட்டினி கிடந்தால் விளக்கு எரியாது என்பதைக் கொடுத்தவர்கள் அறிந்திருந்தார்கள்.

இந்த அளவுகோலோடு நம் காலத்துக்கு வருகிறேன். வேறெங்கும் போக வேண்டாம். பக்கத்துக் கோட்டையூருக்கே போகலாம்.

கோட்டையூரில் 1909இல் பிறந்தவர் இராம. அழகப்பச் செட்டியார். அவர் கொடுத்த கொடைகளை இந்த ஊரில் நான் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. நீங்கள் அந்தக் கட்டடங்களைக் கடந்துதான் இங்கே வந்திருக்கிறீர்கள். ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். விடுதலைக்குப் பின் நாடு தேசிய ஆய்வுக்கூடங்களை நிறுவத் தொடங்கியபோது, மின்வேதியியலுக்கான கூடம் காரைக்குடிக்கு வந்தது. பெரிய தொழில் நகரம் இல்லை, துறைமுகம் இல்லை, அருகில் பல்கலைக்கழகமும் அப்போது கிடையாது. அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். அதனால் வந்தது. 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். மின்கலம், அரிமானத் தடுப்பு, மின்முலாம் என்று அந்தக் கூடத்தின் பணி எழுபது ஆண்டுகளைத் தாண்டி இன்றும் நடக்கிறது.

ஏன் நடக்கிறது என்று பாருங்கள். அழகப்பரின் 15 லட்சம் எப்போதோ செலவாகிவிட்டது. ஆனால் அந்தக் கொடை ஒரு நிரந்தரச் சம்பளப் பட்டியலோடு இணைந்தது. அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம் அங்கே வேலை செய்பவர்களுக்கு மாதந்தோறும் ஊதியம் கொடுக்கிறது. தனியார் கொடை கதவைத் திறந்தது. பொதுப்பணம் விளக்கை எரியவைக்கிறது. அறிவியலுக்கு இந்த நாட்டில் கிடைத்த நல்ல கொடைகள் பலவும் இப்படி அரசின் தொடர் நிதியோடு கைகோத்தவை. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கு ஜம்ஷெட்ஜி டாடா வித்திட்டதும், 1945இல் ஹோமி பாபாவின் ஆய்வு நிறுவனத்துக்கு டாடா அறக்கட்டளை முதல் கொடுத்ததும் அப்படித்தான் நிலைத்தன.

அதே கோட்டையூரில் இன்னொருவர் வாழ்ந்தார். அவர் செல்வந்தர் அல்ல. பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். ரோஜா முத்தையா. கையில் வந்த காசையெல்லாம் தமிழில் அச்சானவற்றை வாங்குவதில் செலவிட்டார். புத்தகம் மட்டுமல்ல, நாடக நோட்டீசு, கல்யாணப் பத்திரிகை, பாட்டுப் புத்தகம், பழைய பத்திரிகை இதழ்கள் என்று யாரும் சேர்க்க நினைக்காதவற்றையும் சேர்த்தார். சேர்த்து முடித்தபோது ஏறக்குறைய ஒரு லட்சம் உருப்படிகள். தமிழச்சு வரலாற்றை ஆராய்ந்தவர்கள் தேடிவந்து படித்த இடம் கோட்டையூரில் அவர் வீடு. பூச்சியோடும் ஈரத்தோடும் தனியாளாகப் போராடி அவற்றைக் காத்தார். 1992இல் காலமானார்.

அதற்குப் பின் நடந்ததைச் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது. அந்தத் தொகுப்பை வாங்கியது சிகாகோ பல்கலைக்கழகம். நம் ஊர்ப் பல்கலைக்கழகம் அல்ல, நம் அறக்கட்டளை எதுவும் அல்ல. சிகாகோக்காரர்களை நான் நன்றியோடுதான் நினைக்கிறேன். வாங்கியதை அவர்கள் கப்பலேற்றிக் கொண்டுபோகவில்லை. மொழி அறக்கட்டளையோடு சேர்ந்து 1994இல் சென்னையிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக நிறுவினார்கள். மைக்ரோஃபிலிம் எடுத்தார்கள். எல்லாவற்றையும்விட, அட்டவணை தயாரித்தார்கள். ஆட்களை அமர்த்தி, பயிற்சி கொடுத்து, சம்பளம் கொடுத்தார்கள். இன்று அந்த நூலகம் தரமணியில் இருக்கிறது. சிந்துவெளி ஆய்வுக்கென ஐராவதம் மகாதேவன் வழிகாட்டுதலில் அங்கே ஒரு மையமும் தோன்றியது.

ஒரே ஊர். ஒருவர் ஆய்வுக்கூடத்துக்கு நிலம் கொடுத்தவர். இன்னொருவர் கடைசிக் காசு வரை புத்தகத்துக்குக் கொடுத்தவர். முன்னவர் 1957இலேயே மறைந்துவிட்டார், நாற்பத்தெட்டு வயது நிறையும் முன்பே. அவர் இருந்திருந்தால் என்று நினைத்துப் பார்க்கத்தான் முடியும். ஆனால் 1992இல் செட்டிநாட்டில் அறக்கட்டளைகளுக்குக் குறைவில்லை. கல்லூரிக்குக் கொடுத்தோம், கோயிலுக்குக் கொடுத்தோம், மருத்துவமனைக்குக் கொடுத்தோம். உடைந்துகொண்டிருக்கும் காகிதத்துக்குக் கொடுப்பதும் தர்மம் என்று அன்று எவருக்கும் தோன்றவில்லை.

அப்படித் தோன்றியவர்கள் முன்பு இருந்தார்கள். பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவரை எடுத்துக்கொள்ளுங்கள். 1901 செப்டம்பரில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். சங்கத்தோடு நூலகம், சங்கத்தோடு அச்சகம், சங்கத்தோடு ‘செந்தமிழ்’ என்ற ஆராய்ச்சி இதழ். பணம் மட்டும் கொடுத்து ஒதுங்கியவர் அல்ல. புலவர்களுக்கு வேலை கொடுத்தார். இரா. இராகவையங்காரும் மு. இராகவையங்காரும் ‘செந்தமிழ்’ ஆசிரியர்களாக இருந்து எழுதிய கட்டுரைகளை இன்றைக்கும் ஆய்வாளர் புறந்தள்ள முடியாது. ஆ. சிங்காரவேலு முதலியார் என்ற பள்ளி ஆசிரியர் பல ஆண்டுகள் உழைத்து ஒரு பெரும் களஞ்சியத்தைத் தனியாளாகத் தொகுத்துவைத்துக்கொண்டு, அச்சிட ஆதரவு தேடி அலைந்தார். கேட்ட இடங்களிலெல்லாம் கிடைக்காதது பாண்டித்துரைத் தேவரிடம் கிடைத்தது. அதுதான் 1910இல் வெளிவந்த ‘அபிதான சிந்தாமணி’. நூறாண்டு கடந்தும் மறுபதிப்பு வருகிறது.

தேவர் 1911இல், நாற்பத்து நான்காம் வயதில் காலமானார். அதே ஆண்டு தஞ்சைக்கு அருகே கரந்தைத் தமிழ்ச் சங்கம் பிறந்தது. ஒரு கை விட்ட இடத்தில் இன்னொரு கை எடுத்துக்கொண்டது போல இருக்கிறது அந்த ஆண்டு. விபுலாநந்த அடிகளின் ‘யாழ் நூல்’ 1947இல் வெளிவந்தது கரந்தைச் சங்கத்தின் வழியாகத்தான். மட்டக்களப்பிலிருந்து வந்த துறவியின் இசையாராய்ச்சிக்குத் தஞ்சை மண் அச்சு கொடுத்தது.

இசை என்றதும் ஆபிரகாம் பண்டிதரைச் சொல்லாமல் நகர முடியாது. சித்த மருத்துவர். தம் மருந்துகளால் ஈட்டிய செல்வத்தை இசை ஆராய்ச்சியில் கொட்டினார். 1912 முதல் தஞ்சையில் இசை மாநாடுகளைத் தம் செலவில் நடத்தினார். பாடகர்களும் வீணை வாசிப்பவர்களும் கணக்கறிந்தவர்களும் ஒரே பந்தலில் உட்கார்ந்து சுருதிகளின் அளவைப் பற்றி வாதிட்டார்கள். சொன்னதை வாசித்துக் காட்ட வேண்டும், வாசித்ததை எண்ணால் நிறுவ வேண்டும். 1917இல் ‘கருணாமிர்த சாகரம்’ வந்தது. தம் நூலை அச்சிடத் தாமே அச்சகம் வைத்துக்கொண்டவர் அவர். இலக்கியம், கலை, அறிவியல் என்று நாம் தனித்தனி அறைகளாகப் பிரித்து வைத்திருக்கிறோமே, அந்த மூன்றுக்கும் நடுவில் சுவரே இல்லாத வீடு பண்டிதருடையது.

ஆனாலும் இந்தக் கொடைகள் எல்லாவற்றுக்கும் ஒரு பலவீனம் இருந்தது. அவை ஒரு மனிதரின் ஆயுளோடு கட்டப்பட்டிருந்தன. வள்ளல் போனால் வரவு நின்றது. வைப்பு நிதியாக விட்டுப்போனவர்களின் கதையும் வேறுவிதத்தில் வருத்தம் தருவது. 1960களில் ஒருவர் பத்தாயிரம் ரூபாயை ஒரு நிறுவனத்தில் பொழிவுக்கென்று வைத்தார் என்று கொள்வோம். எட்டு சதவீத வட்டியில் ஆண்டுக்கு எண்ணூறு ரூபாய். அன்று அது பேச்சாளரை ஊரிலிருந்து வரவழைத்து, இரண்டு நாள் தங்கவைத்து, பேச்சை நூலாகவும் அச்சிடப் போதும். இன்று வந்தவர்களுக்குத் தேநீர் கொடுக்கவும் பற்றாது. முதல் அப்படியே இருக்கிறது. அதன் உயிர் போய்விட்டது. வட்டியில் ஒரு பகுதியை ஆண்டுதோறும் முதலோடு சேர்த்துவந்திருந்தால் இந்த நிலை வந்திருக்காது. குட்டியை மந்தையில் விடாமல் விற்றுவிட்டோம்.

இந்தப் பக்கத்து வணிகர்களுக்கு இதைவிட நல்ல வழி ஒன்று தெரிந்திருந்தது. மகமை. விற்பனையில் இத்தனைக்கு இத்தனை என்று பொதுக் காரியத்துக்கு எடுத்துவைப்பது. வியாபாரம் வளர்ந்தால் மகமையும் வளரும். விலைவாசி ஏறினால் அதுவும் ஏறும். விருதுநகரில் நாடார் மகமையோடு வீட்டுக்கு வீடு பிடியரிசி எடுத்துப் பள்ளி நடத்தினார்கள். அந்தச் சத்திரிய வித்யாசாலாவில் படித்தவர்களில் ஒருவர் காமராசர். கோவையில் பூ.சா.கோ. குடும்பத்து நான்கு சகோதரர்கள் 1926இல் சொத்தை ஐந்தாகப் பங்கிட்டு, ஐந்தாம் பங்கைத் தர்மத்துக்கு வைத்தார்கள். தர்மமும் ஒரு பங்காளி. அந்த மரபில் வந்த ஜி. ஆர். தாமோதரன்தான் ‘கலைக்கதிர்’ என்ற அறிவியல் மாத இதழைத் தமிழில் நடத்தினார். பொறியியல் கல்லூரி நடத்தும் குடும்பம் தமிழில் அறிவியல் எழுதவும் இடம் கொடுத்தது என்பது சிறிய செய்தி அல்ல.

இப்போது என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல அனுமதிக்க வேண்டும். இளம் வயதில் ஓலைச்சுவடி அட்டவணைத் திட்டம் ஒன்றில் வேலை பார்த்தேன். எந்த இடம், யார் நிதி என்பது வேண்டாம். மூன்றாண்டுத் திட்டம். சுவடியை எடுத்து, தூசு தட்டி, எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவி, எழுத்து தெரியக் கரி பூசித் துடைத்து, முதலும் முடிவும் படித்து அட்டையில் குறிக்க வேண்டும். புள்ளி வைக்காத எழுத்து, ஒற்றும் உயிர்மெய்யும் ஒன்றுபோலத் தெரியும் எழுத்து. முதல் ஆண்டு முழுவதும் படிக்கப் பழகுவதிலேயே போனது. இரண்டாம் ஆண்டில்தான் கை ஓடியது. மூன்றாம் ஆண்டில், பார்த்த மாத்திரத்தில் இது வைத்தியமா, சோதிடமா, கணக்கா என்று சொல்ல முடிந்தது. அந்த ஆண்டோடு நிதி முடிந்தது. நாங்கள் நால்வரும் வேறு வேலைக்குப் போனோம். பல ஆண்டுகள் கழித்து அங்கே போனபோது எங்கள் அட்டைகள் ஒரு சாக்கில் கிடந்தன. பாதியைக் கரையான் தின்றிருந்தது. என்னைக் கலங்கவைத்தது அட்டைகள் அல்ல. அந்த மூன்றாண்டுப் பழக்கம் நான்கு தலைகளுக்குள் இருந்து நான்கு திசைகளில் தொலைந்துபோனதுதான்.

நிதி கொடுத்தவர்கள் கெட்ட எண்ணத்தோடு நிறுத்தவில்லை. அவர்கள் கணக்கில் திட்டம் முடிந்தது. எத்தனை பேர் பயனடைந்தார்கள் என்று ஒரு படிவத்தில் கேட்டிருந்தார்கள். சுவடி அட்டவணையால் பயனடைபவர் இன்னும் பிறக்காதவராகக்கூட இருக்கலாம். அதை எழுத அந்தப் படிவத்தில் இடமில்லை.

அகராதியை நினைத்துப் பாருங்கள். க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி 1992இல் வந்தது. திருத்திய இரண்டாம் பதிப்பு 2008இல், மூன்றாவது 2020இல். பதிப்பாளர் ராமகிருஷ்ணன் கோவிட் தாக்கி மருத்துவமனையில் இருந்தபோது மூன்றாம் பதிப்பு வெளிவந்தது. சில நாளில், நவம்பர் 17 அன்று, அவர் காலமானார். ஒரு மொழியின் இன்றைய சொற்களைப் பதிவுசெய்யும் வேலை ஒரு மனிதரின் மூச்சோடு கட்டுண்டு கிடந்தது. ஏழு கோடிக்கு மேல் மக்கள் பேசும் மொழிக்கு இது அடுக்குமா? சொல் நாள்தோறும் பிறக்கிறது. அகராதிக்கு வேண்டியது ஒரு முறை மானியம் அல்ல. ஐந்தாறு பேருக்கு முடிவில்லாமல் போய்க்கொண்டிருக்கும் ஊதியம்.

நீண்ட ஊதியம் என்ன செய்யும் என்பதற்கும் நம்மிடம் சான்று உண்டு. தி. சு. அவினாசிலிங்கம் தொடங்கிய தமிழ் வளர்ச்சிக் கழகம் கலைக்களஞ்சியத்தைக் கையிலெடுத்தது. பெரியசாமித் தூரன் தலைமைப் பதிப்பாசிரியர். முதல் தொகுதி 1954இல், பத்தாம் தொகுதி 1968இல். அரசும் தனியாரும் சேர்ந்து கொடுத்தார்கள். ஓர் ஆசிரியர் குழு கலையாமல் இருந்தது. கவிஞராகிய தூரன் தம் நல்ல ஆண்டுகளை அங்கே கொடுத்தார். மேடைக் கலையில் ந. முத்துசாமியின் கூத்துப்பட்டறையைச் சொல்ல வேண்டும். ஃபோர்டு அறக்கட்டளையின் நிதி வந்த காலத்தில் நடிகர்கள் முழுநேரமும் பயிற்சியில் இருக்க முடிந்தது. மாலையில் வேலை முடித்து வந்து ஒத்திகை பார்க்கும் நடிகருக்கும், காலை முதல் உடலையும் குரலையும் பழக்கும் நடிகருக்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழ்த் திரைப்படமே பிறகு சாட்சி சொன்னது.

பரிசுகளைப் பற்றி ஒரு வார்த்தை. பாரதிய ஞானபீடம் என்ற தனியார் அறக்கட்டளையின் விருது 1975க்கு அகிலனுக்கும் 2002க்கு ஜெயகாந்தனுக்கும் வந்தது. பிர்லா குடும்ப அறக்கட்டளையின் சரஸ்வதி சம்மான் இந்திரா பார்த்தசாரதிக்கு வந்தது. கனடாவிலுள்ள தமிழ் இலக்கியத் தோட்டம் 2001 முதல் இயல் விருது கொடுக்கிறது. இவை எழுத்தாளனுக்கு மரியாதை. நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் பரிசு என்பது எழுதி முடித்தவருக்கு. எழுதிக்கொண்டிருப்பவருக்கு, மொழிபெயர்த்துக்கொண்டிருப்பவருக்கு, களத்தில் கூத்துப் பாடலைப் பதிவுசெய்துகொண்டிருப்பவருக்கு அரிசி வாங்க அது உதவாது. பரிசுக்கு நூறு பேர் கொடுக்கிறார்கள் என்றால், வேலை நடக்கும்போது கொடுப்பவர் ஒருவர் இருந்தாலே அதிகம்.

வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்றைச் சொல்கிறேன், அதன் நிபந்தனைகளுக்காக. ஆர்கேடியா என்ற தனியார் நிதியத்தின் பணத்தில் பிரித்தானிய நூலகம் 2004 முதல் அழியும் ஆவணங்களைக் காக்கும் திட்டம் நடத்துகிறது. ரோஜா முத்தையா நூலகமும் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும் அதில் உதவி பெற்றிருக்கின்றன. மூல ஆவணம் பிறந்த நாட்டை விட்டு வெளியேறக் கூடாது. எண்மப் படி எல்லாரும் இலவசமாகப் பார்க்கும்படி இருக்க வேண்டும். பணம் கொடுத்தோம், ஆகவே பொருள் எங்களுக்கு என்ற எண்ணமே அதில் இல்லை. நம் ஊரில் சுவடியை அலமாரியில் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொள்ளும் வழக்கம் இன்னும் போகவில்லை. நிதி கொடுப்பவர்கள் இந்த ஒரு நிபந்தனையை வைத்தாலே நிறைய மாறும்.

பணம் இல்லை என்ற பேச்சையும் நான் ஏற்கவில்லை. 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம், பெரிய நிறுவனங்கள் தங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. அந்தச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் கலை, பண்பாடு, மரபுச் செல்வங்களைக் காப்பதும் பொது நூலகம் அமைப்பதும் வெளிப்படையாக இடம்பெற்றிருக்கின்றன. 2 சதவீதம் என்பது மகமைதான். சட்டமே மகமையைக் கட்டாயமாக்கிவிட்டது. கேட்கப் போகிறவர்கள்தான் குறைவு.

சட்டமும் பெரும் நிறுவனமும் இல்லாத இடத்தில் என்ன செய்யலாம் என்பதை ஈழத்தவர் காட்டினார்கள். 1981 மே மாதக் கடைசி இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது, 97,000 நூல்கள். அந்த இழப்பை அறிந்தவர்கள் 2005இல் நூலகம் என்ற எண்ம நூலகத்தைத் தொடங்கினார்கள். பின் அது அறக்கட்டளையாயிற்று. நாட்டிலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் உள்ளவர்கள் சிறு சிறு தொகையாகக் கொடுக்கிறார்கள். ஆவணமாக்கும் பணியாளர்கள் தொடர்ந்து வேலை செய்கிறார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆவணங்கள் இன்று எவரும் படிக்கும்படி இருக்கின்றன. விருதுநகரின் பிடியரிசி வேறு உருவில் வந்திருக்கிறது.

இந்த அரங்கில் அறங்காவலர்கள் பலர் அமர்ந்திருக்கிறீர்கள். உங்களிடம் இரண்டு வேண்டுகோள். ஒன்று, உங்கள் அறக்கட்டளையின் அடுத்த கூட்டத்தில் ஒரே ஒரு தீர்மானம் போடுங்கள். ஒரு நூலகத்தில் அட்டவணை செய்யும் ஒருவரின், அல்லது ஓர் அகராதிப் பணியாளரின் ஊதியத்தைப் பத்து ஆண்டுகளுக்கு ஏற்றுக்கொள்ளுங்கள். மூன்றாண்டு அல்ல, பத்தாண்டு.

இரண்டாவது எல்லாருக்கும். செட்டிநாட்டு வீடுகள் ஒவ்வொன்றாக இடிபடுகின்றன. தேக்கு மரத்தூணும் பீங்கான் சாடியும் விலைக்குப் போகின்றன. ஆனால் பட்டாலைப் பெட்டிகளில் பர்மாவிலிருந்தும் மலேயாவிலிருந்தும் வந்த கடிதங்களும், பேரேடுகளும், ஐந்தொகைக் கணக்குகளும், பழைய இதழ்களும் இருக்கின்றன. பழைய காகிதக்காரரைக் கூப்பிடுவதற்கு முன் தரமணி நூலகத்துக்கோ, புதுக்கோட்டை ஞானாலயா நூலகத்துக்கோ ஒரு கடிதம் எழுதுங்கள். அவர்கள் வந்து பார்க்கும் வரை அந்தப் பெட்டியைத் திறந்து வெயிலில் வைக்காதீர்கள்; ஈரம் படாத அறையில் அப்படியே இருக்கட்டும்.